வாடகையைத் தீர்மானிப்பது சம்பளம்

அந்தக் காலத்தில் தேனி மாவட்டம் கம்பத்தில் வாடகைக்கென்றே வீடு வாங்கியவர்கள் அபூர்வம். குடியிருக்கத்தான் கட்டுவார்கள். கையில் மிச்சமிருந்தால் பின்பக்கம் இரண்டு அறை இழுத்துக் கட்டி, ஒரு வாத்தியார் குடும்பத்துக்கோ லோயர் கேம்ப் மின்நிலைய ஊழியருக்கோ விடுவார்கள். அப்பாவும் அப்படித்தான் விட்டார். இடம் பூர்வீகம், கடன் கிடையாது. வாடகை சிறிதானாலும் வந்ததெல்லாம் வரவு. அவசரத் தேவை வந்தால் ஒத்திக்கு விடுவார். மொத்தத் தொகை கைக்கு வரும். மாத வாடகை இல்லை. காலி செய்யும்போது முதலைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இப்போது கதை வேறு. தேனிப் பக்கம் க.விலக்கில் மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. 2010 கடைசியில் நின்றுபோன மதுரை ரயில் 2022 மே மாதம் அகலப் பாதையில் தேனிக்குத் திரும்பிவிட்டது. போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டம் வைத்திருக்கும் சித்தப்பா மகன் வந்து கேட்டான்: "அண்ணே, தேனியில ஒரு வீடு அறுபது லட்சம் சொல்றாங்க. வாங்கி வாடகைக்கு விட்டுரலாமா?"

கணக்குப் போட்டோம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். பத்திரச் செலவே 5.40 லட்சம். ஆக முதலீடு 65.40 லட்சம். அந்தத் தெருவில் அப்படிப்பட்ட வீட்டுக்கு வாடகை 13,000, வருடத்துக்கு 1.56 லட்சம். வீட்டு வரி, வெள்ளையடிப்பு, ஆள் மாறும்போது பூட்டிக் கிடக்கும் மாதம் எல்லாம் போக 1.30 லட்சம் நிற்கும். வருடத்துக்கு நூற்றுக்கு இரண்டு ரூபாய். முப்பது லட்சத்தை எட்டரை சதவீத வங்கிக் கடனாக வாங்கினால், முதல் வருட வட்டியே இரண்டரை லட்சம்.

"அப்ப இந்த விலை எப்படிண்ணே வந்துச்சு?" என்றான்.

விலையை ஏற்றுவது அவனைப் போன்றவர்களின் பணம்தான். 2019-இல் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோது அந்தப் பணமும் வீடு, மனை தேடி அலைந்தது. ஆனால் குடிவருபவர் நர்ஸ், ஆசிரியர், கடை ஊழியர். அவர்கள் வாடகை கொடுப்பது மாதச் சம்பளத்திலிருந்து. வீட்டுக்காரர் எத்தனை லட்சம் போட்டார் என்பது அவர்கள் கவலை அல்ல.

"விலை ஏறுமேண்ணே" என்றான். ஏறலாம். அது விற்கும்போது வரும் லாபம். அதுவரை கடன் தவணைக்கு உதவாது. குடியிருக்க என்றால் மனதுக்குப் பிடித்ததை வாங்கட்டும். வாடகைக்கு என்றால், அதே பணத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் சம்பளக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் சின்ன வீடுகள் கட்ட முடியுமா என்று பார்க்கட்டும். எதுவானாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் அந்தத் தெருவில் குடியிருப்பவர்களிடம் வாடகையை விசாரிக்கச் சொல்லி அனுப்பினேன். புரோக்கர் சொல்லும் வாடகையை நம்பி கடன் வாங்கக் கூடாது.