ஒளியை ஓவர்டேக் செய்தவர்கள்

ஒளியை எதுவும் முந்தாது என்று 1905-ல் ஐன்ஸ்டீன் சொன்னதுதான் தாமதம், ஜெர்மனியில் இயற்பியலாளர் வில்ஹெல்ம் வீன் ஆட்சேபத்தோடு வந்து நின்றார். சில ஊடகங்களில், ஒளி அதிகம் உறிஞ்சப்படும் அலைநீளங்களின் பக்கத்தில், அலைத்தொகுதியின் வேகம் கணக்குப்படி ஒளிவேகத்தையே தாண்டுகிறதே, அதற்கென்ன பதில்?

பதில் சொன்னவர் மியூனிக்கின் முறுக்கு மீசைப் பேராசிரியர் அர்னால்ட் சோமர்ஃபெல்ட். 1907-லேயே விஷயத்தை உடைத்துவிட்டார்: அலையின் மேட்டைப் பார்க்காதே, நுனியைப் பார். நுனி வரும்போது ஊடகத்தின் எலக்ட்ரான்கள் சோம்பல் முறித்துக்கூட முடித்திருக்காது. அதனால் அது வெற்றிடத்தில் போகிற அதே வேகத்தில் போகும், துளியும் கூடாது. (ஆட்சேபித்த வீன் வேறொரு வேலைக்காக 1911-ல் நோபல் வாங்கினார். சோமர்ஃபெல்டுக்கு 80 தடவைக்கு மேல் பரிந்துரை மட்டும்தான்.)

லேசர் வந்ததும் பழைய வழக்கு மறுபடி தூசி தட்டப்பட்டது. 1960களின் நடுவில் மாஸ்கோவில் இயற்பியலாளர் பாசவின் குழு ரூபி பெருக்கிக்குள் லேசர் துடிப்பைச் செலுத்தியது. துடிப்பின் உச்சி ஒளியைவிடப் பல மடங்கு வேகம்! கல்யாணப் பந்தி கதைதான். துடிப்பின் முன்பகுதி ரூபியில் இருந்த ஆற்றலை முதல் பந்தியிலேயே வழித்துத் தின்றுவிட்டது. வாலுக்கு வெறும் இலை. யாரும் ஓடவில்லை, தொப்பை முன்னால் நகர்ந்தது.

1990களில் கொலோனில் இயற்பியலாளர் குந்தர் நிம்ட்ஸ், மோட்சார்ட்டின் 40-ஆவது சிம்பொனியை மைக்ரோவேவில் ஏற்றி ஒளியைப்போல் 4.7 மடங்கு வேகத்தில் அனுப்பியதாகச் சொன்னார். மோட்சார்ட் கருத்துச் சொல்லும் நிலையில் இல்லை.

2000 ஜூலையில் பிரின்ஸ்டனில் என்.இ.சி. ஆய்வகத்தின் லிஜுன் வாங் குழு எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டது. 6 செ.மீ. நீளக் குப்பிக்குள் சீசியம் ஆவி. துடிப்பின் உச்சி உள்ளே நுழையுமுன்பே மறுபக்கம் வெளியே வந்துவிட்டது, வெற்றிடத்தில் வந்திருக்க வேண்டியதைவிட 62 நானோநொடி முன்னால். 300 மடங்கு வேகம் என்று பத்திரிகைகள் துள்ளின. அந்தத் துடிப்பின் அகலம் 3.7 மைக்ரோநொடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம் என்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. உச்சி வாசலை எட்டுமுன்பே அதன் மெல்லிய முன்பகுதி குப்பியைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. சீசியம் அதை வைத்தே மேட்டை முன்கூட்டி எழுப்பிக் காட்டியது. இதில் காரண காரிய ஒழுங்கு மீறப்படவில்லை என்று வாங் குழுவே ஆய்வுச் சுருக்கத்தில் எழுதியிருந்தது. தலைப்புப் போட்டவர்கள் கட்டுரைக்குள் நுழையுமுன்பே வெளியே வந்துவிட்டார்கள்.