பாட்டி பிறந்தது நிஜமா?

(இந்த வாரத் தபாலில் பாதி ஒரே ரகம். வீட்டுக்கு வீடு ஒரு பெரிசு, அதற்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை. ஒரே மூட்டையாக அவிழ்த்துவிடுகிறேன். – பெரியப்பா)

கே: என் அப்பத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. இந்தியப் பிரஜை என்று எப்படி நிரூபிப்பது? – ஒரு பேரன், பரமக்குடி

ப: இந்தக் கேள்வியை அப்பத்தா காதுபடக் கேட்காதே தம்பி, விளக்குமாறு வரும். நாடு முழுக்கப் பிறப்பைப் பதிவது கட்டாயம் என்ற சட்டம் 1969-ல்தான் வந்தது. சட்டத்தைவிட அப்பத்தா மூத்தவர். மூத்தவரிடம் இளையது வந்து 'நீ எப்போ பிறந்தே?' என்று கேட்பதுதான் காலக் கொடுமை.

கே: சரி, அவருக்குக் குடியுரிமை எந்த வழியில் வருகிறது? – அதே பேரன்

ப: 26.1.1950 முதல் 30.6.1987 வரை இந்திய மண்ணில் பிறந்தால் போதும். தூதர் பிள்ளை போன்ற சில விலக்குகள் தவிர, அப்பன் ஆத்தா யாரென்று சட்டம் கேட்பதில்லை. 1.7.1987 முதல் பிறந்தால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 3.12.2004 முதல் பிறந்தால் இருவரையுமே சோதிக்கிறார்கள். ஆக, பிள்ளை பிறந்ததும் பெற்றோருக்குப் பரீட்சை. அப்பத்தாவின் வினாத்தாளில் இருப்பது ஒரே கேள்வி: எங்கே பிறந்தாய்? விடை தெரிந்த மருத்துவச்சி போய்ச் சேர்ந்து நாற்பது வருஷம் ஆகிறது.

கே: ஆதார் இருக்கிறதே, போதாதா? – ஜெராக்ஸ் கடைக்காரர், தேனி

ப: போதாது. ஆதார் எண் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டத்தின் 9-வது பிரிவே சொல்கிறது. பத்து விரல், இரண்டு கண் எல்லாம் வாங்கிக்கொண்டு, 'நீங்கள் நீங்கள்தான். ஆனால் எந்த ஊர்க்காரர் என்று தெரியாது' என்கிறார்கள். நம்ம கிராமத்து டீக்கடையில் மடக்கி விசாரிப்பது இதற்கு நேர்மாறு: முதலில் ஊர், பிறகுதான் பேர்.

கே: இப்போது போய்ப் பதிவு செய்ய முடியுமா? – ஒரு மகள், சங்கரன்கோவில்

ப: முடியும் தாயி. 21 நாளுக்குள் என்றால் இலவசம். 30 நாள் வரை தாமதக் கட்டணம். ஓராண்டு தாண்டினால் ஆர்.டி.ஓ. (கோட்டாட்சியர்) ஆபீஸ் படி ஏற வேண்டும். முதலில் பிறந்த ஊரில் தேடச் சொல்லி, 'பதிவேட்டில் இல்லை' என்று எழுதி வாங்க வேண்டும். இருப்பதற்குச் சான்று கேட்டால் இழுத்தடிக்கும் நாட்டில், இல்லாததற்கு முத்திரையோடு சான்று உண்டு. நாத்திகர்கள் கவனிக்க.

கே: ஜாதகம் செல்லுமா? – ஜோசியர் மகன், வைத்தீஸ்வரன்கோவில்

ப: என் அத்தை தனுஷ்கோடிப் புயல் அடித்தபோது ஆறு மாதக் கைக்குழந்தை. அதாவது 1964 ஜூன். ஜாதகத்தில் 'குரோதி வருஷம்' என்று இருக்கிறது. அறுபது வருஷத்துக்கு ஒரு முறை குரோதி வரும், 2024-லும் வந்தது. ஆபீசில் அதை நீட்டியதும் குமாஸ்தா ஒரு பார்வை அத்தையைப் பார்த்தார், ஒரு பார்வை ஏட்டைப் பார்த்தார். 'ஒரு வயசுன்னு போட்டுடலாமா?' என்றார். அவர் என் ஜாதி.

கே: டி.சி.யில் பிறந்த தேதி ஜூன் 1 என்று இருக்கிறது. என் நான்கு சித்தப்பாக்களுக்கும் அதே தேதி. எப்படி? – வாசகி, அரூர்

ப: அந்தக் காலத்தில் அம்மா பெறுவாள், ஹெட்மாஸ்டர் தேதி வைப்பார். தலைக்கு மேலே கையை வளைத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது. பள்ளி திறப்பது ஜூன். அந்த எழுத்துதான் இன்று கடவுச்சீட்டு வரை செல்கிறது. 1.10.2023-க்கு முன் பிறந்தவர்களுக்குக் கடவுச்சீட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ்தான் வேண்டும் என்பதில்லை, டி.சி., பான் அட்டை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, எல்.ஐ.சி. பாலிசி, இவற்றில் ஒன்று போதும். பள்ளிக்கே போகாத அத்தைகள் எல்.ஐ.சி. ஏஜெண்டைக் கும்பிடவும்.

கே: ரேஷன் அட்டையில் முத்துலட்சுமி, பத்திரத்தில் முத்துலெட்சுமி, ஓட்டர் லிஸ்டில் எம். லட்சுமி. எங்கள் ஆச்சி யார்? – பேத்தி, தூத்துக்குடி

ப: மூவரும் ஒருவரே என்று தாசில்தார் ஆபீசில் சான்று வாங்குங்கள். ஆதிசங்கரர் பாஷ்யம் எழுதி நிறுவிய அத்வைதத்தை இங்கே ஒரு ரப்பர் ஸ்டாம்பில் முடித்துவிடுவார்கள்.

கே: எங்கள் பெரியம்மா சிலோனில் பிறந்தவர். கோத்தகிரியில் டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அவர் யார் பிரஜை? – வாசகர், நீலகிரி

ப: இந்தக் கதைக்குச் சிரிப்பு வராது, ஆனாலும் சொல்கிறேன். 1948-ல் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டது. அங்கே பிறந்தால் மட்டும் போதாது, அப்பனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும். தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த கூலிப் பாட்டனுக்கு எவன் சான்றிதழ் எழுதினான்? அடுத்த வருஷச் சட்டத்தில் எட்டு லட்சத்துக்கு மேல் மனுப் போட்டார்கள்; கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. 1964-ல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து 5,25,000 உனக்கு, 3,00,000 எனக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் 1,50,000 பேர் பத்து வருஷம் கணக்கில் தொங்கினார்கள். 1974-ல் ஆளுக்குப் பாதி. தேங்காய் வியாபாரியாவது குலுக்கிப் பார்த்துப் பிரிப்பான்.

பெரியம்மாவின் டிரங்குப் பெட்டியில் அடித்துணியைத் தூக்கிப் பாருங்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறுமுன் கொடுத்த இந்தியக் கடவுச்சீட்டு இருக்கும். அவர் இந்தியர். அதை லேமினேஷன் செய்கிறேன் என்று எவனிடமும் கொடுக்காதீர்கள்.

கே: அந்தச் சட்டப்படி எம்.ஜி.ஆர்.? – ரத்தத்தின் ரத்தம், ஆண்டிபட்டி

ப: இலங்கை நாவலப்பிட்டியில் பிறந்தவர். அப்பா கேரளத்துக்காரர். எனவே அந்தச் சட்டத்தின் கண்ணில் அவர் சிலோன்காரர் இல்லை. நஷ்டம் யாருக்கு என்று கேட்க வேண்டாம், ரத்தம் சூடாகும்.

கே: இலங்கை மலையகத்தில் மிச்சம் இருந்தவர்கள்? – ஆசிரியை, ராமநாதபுரம்

ப: 30.10.1964 முதல் இலங்கையில் இருந்தவர்களும் அவர்கள் சந்ததியும் அந்நாட்டுப் பிரஜைகளாகலாம் என்று 2003-ல் சட்டம் வந்தது. ஐம்பத்தைந்து வருஷம். தேயிலைச் செடிக்குக்கூட இவர்களைவிட முன்பே அங்கே வேர் பிடித்துவிட்டது.

கே: அகதி முகாமில் பிறந்தவர் இந்தியர் ஆக முடியாதுதானே? – வாசகர், திருச்சி

ப: அவசரப்படாதீர். மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் வென்று, கடவுச்சீட்டு வாங்கி, 2024-ல் ஓட்டும் போட்டார். மேலே சொன்ன 1987 ஜூலை நினைவிருக்கிறதா? அதற்கு முன்னே பிறந்தது அவர் சாமர்த்தியம். மண்டபத்தில் பிறந்ததற்குக் கையில் சான்றிதழ் இருந்தது அதைவிடச் சாமர்த்தியம்.

கே: இந்தச் சான்றிதழ்ச் சிக்கலில் அதிகம் மாட்டுவது ஆணா, பெண்ணா? – மருமகள், பழனி

ப: நீதான் தாயி. பள்ளிக்கூடம் பாதி, நிலம் அண்ணன் பேரில், கல்யாணமானதும் ஊரும் இனிஷியலும் மாறிவிடும். அசாமில் குடிமக்கள் பட்டியல் எடுத்தபோது, இன்னார் மகள்தான் இவள் என்று காட்டப் பஞ்சாயத்துச் செயலாளர் கொடுத்த துண்டுச் சான்று செல்லுமா என்று உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போனது. சரிபார்த்து ஏற்கலாம் என்று 2017-ல் சொன்னார்கள். 2019-ல் வெளியான இறுதிப் பட்டியலில் விடுபட்டவர்கள் 19,06,657. இந்த எண்ணில் மட்டும் எழுத்துப்பிழை இல்லை.

கே: பெரிய மனிதர்களுக்கு இந்தத் தொல்லை உண்டா? – கல்லூரி மாணவர், கோவை

ப: 2012-ல் ராணுவத் தலைமைத் தளபதி வி.கே. சிங் தான் பிறந்தது 1951 என்றார்; அரசு 1950 என்றது. உச்ச நீதிமன்றம் வரை போனவர் மனுவைத் திரும்பப் பெற்று, மே மாதம் ஓய்வும் பெற்றார். ஒரு நாட்டுப் படையே கையில் இருந்தும் ஒரு வருஷத்தைக் கைப்பற்ற முடியவில்லை.

கே: புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு? – வாசகர், காரைக்கால்

ப: பிரெஞ்சுக்காரன் பிறப்பு, கல்யாணம், சாவு மூன்றையும் 'எத்தா சிவில்' பேரேட்டில் எழுதி வைத்தான். அங்கே கொள்ளுத்தாத்தா கிடைப்பார். பங்காளிகளும் கூடவே கிடைப்பார்கள் என்பதுதான் சிக்கல்.

கே: எங்கள் ஆச்சிக்குப் பிறந்ததற்கு ஆதாரம் இன்னும் கிடைக்கவில்லை. அதற்குள் குடும்ப பென்ஷனுக்கு 'உயிரோடு இருக்கிறார்' என்று சான்று கேட்கிறார்கள்! – பேரன், காரைக்குடி

ப: பிறக்காமலே இருப்பவர் என்று இதுவரை சிவபெருமானைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். நவம்பரில் ஆச்சியை ஆட்டோவில் ஏற்றி ஒரு நடை கூட்டிப் போய்க் காட்டிவிட்டு வா. கட்டைவிரலை நன்றாகத் துடைத்துவிடு. வெற்றிலைச் சுண்ணாம்பு இருந்தால் மிஷின் எடுக்காது.