விரலுக்குத் தகுந்த வீக்கம்

கீபோர்டைக் கழற்றினால் டேப்லெட், மாட்டினால் லேப்டாப். அப்படி ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். ராத்திரி கட்டிலில் கால் நீட்டிப் படுத்து, விரலால் தள்ளித் தள்ளிப் படிக்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். லினக்ஸில் கை பழகிய டெஸ்க்டாப்பான எக்ஸ்எஃப்சிஇயையே அதிலும் போட்டேன்.

ஜன்னலை மூடும் பொத்தான் கொத்தமல்லி விதை அளவு. என் கட்டைவிரலோ பூவன்பழம். மூடப் போனால் சுருங்கும், சுருக்கப் போனால் பெரிதாகும். ஃபயர்ஃபாக்ஸில் பக்கத்தைத் தள்ளினால் பக்கம் அசையாது. எழுத்துகள்தான் வரிவரியாக நீலமாகும். அதற்கும் ஒரு வைத்தியம் உண்டு, செய்தேன், சரியானது. ஆனால் படுத்துப் படிக்க வாங்கியதற்கு உட்கார்ந்து டெர்மினலில் தட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து கேடிஇ பிளாஸ்மா. கீபோர்டைக் கழற்றியதும் ஐகான்கள் தாமாகவே தள்ளித் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டன. விரலுக்குத் தகுந்த வீக்கம்! திரைக் கீபோர்டைத்தான் தனியாக நிறுவி, செட்டிங்ஸில் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. காலையில் அந்த செட்டிங்ஸுக்குள் போனவன் மதியச் சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தேன்.

மிச்சமிருந்தது க்னோம். அங்கேதான் எனக்குக் கூச்சம். 2011-இல் க்னோம் 3 வந்தபோது, "பெரிய பெரிய ஐகான், சுருக்கும் பொத்தானையே காணோம், இது என்ன குழந்தைகள் சிலேட்டா?" என்று வாய் கிழியப் பேசியவர்களில் நானும் ஒருவன். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸே அந்த வருஷம் கோபித்துக்கொண்டு எக்ஸ்எஃப்சிஇக்குப் போனார். 2013-இல் க்னோமுக்கே திரும்பினார். எனக்குக் கூடுதலாகச் சில வருஷம் பிடித்தது. இப்போது போட்டுப் பார்த்தேன். எழுதும் கட்டத்தைத் தொட்டால் கீபோர்டு தானே எழுந்து வருகிறது. மூன்று விரலை வைத்து மேலே தள்ளினால் திறந்து கிடப்பதெல்லாம் வரிசையில் நிற்கிறது. சிலேட்டுதான். எனக்கு வேண்டியதும் சிலேட்டுதான்.

திரை மட்டும் தலைகீழாக நின்றது. டேப்லெட்டைத் திருப்பினால் படமும் விடாப்பிடியாகத் திரும்பிக்கொள்ளும். "ஏன்டா, அதுக்கு நீ சிரசாசனம் பண்ணணுமா?" என்றாள் அம்மா. சாய்வறியும் சென்சாரை எந்தப் பக்கம் பார்த்து ஒட்டியிருக்கிறார்கள் என்று லினக்ஸுக்குத் தெரியவில்லை. ஒன்பது எண்கள் கொண்ட ஓர் அணியை ஒரு கோப்பில் எழுதி நாம் சொல்ல வேண்டும். பிளஸ் டூவில் அணிகளைச் சாய்ஸில் விட்டவன் நான். மைனஸ் குறியை இடம் மாற்றி மாற்றிப் போட்டு, நாலாவது தடவை நிமிர்த்தினேன்.

ஆக, க்னோம். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து வைத்திருந்தால், பூட் ஆகும்போது பாஸ்வேர்டு கேட்கும் நேரத்தில் க்னோம் இன்னும் எழுந்தே இருக்காது. திரைக் கீபோர்டும் வராது. கழற்றிய கீபோர்டைத் தலையணைக்கு அடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.