லெதர் சீட்டில் உட்காராமல் இருப்பது எப்படி?

முதல் விதி: வாங்கிய சீட் நிஜமாகவே தோல்தானா என்று ஒருநாளும் சோதிக்காதீர்கள். ஷோரூமில் ‘லெதர்’ என்றார்கள், நீங்களும் தலையாட்டினீர்கள், சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லியாகிவிட்டது. இனிமேல் விசாரணைக் கமிஷன் எதற்கு? எதிர் ஃபிளாட் மாமா கட்டாயம் வருவார். “ஒரு தீக்குச்சியைக் கிழிச்சு ஓரமா வெச்சுப் பாருங்கோ. பிளாஸ்டிக்னா உருகும், தோல்னா முடி பொசுங்கற நாத்தம் வரும்” என்பார். அவர் சொல்வது சரிதான். ஆனால் சோதனை முடியும்போது தோலாக இருந்தாலும் பிளாஸ்டிக்காக இருந்தாலும் சீட்டில் ஓர் ஓட்டை இருக்கும்.

சேதாரமில்லாத வழி ஒன்று உண்டு. சீட்டுக்கு அடியில் கையை விட்டு, உறை மடிந்து முடிகிற விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். உள்பக்கம் நார்நாராக, சொரசொரவென்று இருந்தால் தோல். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின். விவரக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில், பொடி எழுத்தில், ‘லெதரெட்’ என்று போட்டிருந்தால் கையை விடுகிற சிரமம்கூட வேண்டாம். அசல் தோல் போட்ட வண்டியிலும் பெரும்பாலும் உங்கள் முதுகும் தொடையும் படுகிற இடத்தில் மட்டும்தான் தோல். பக்கவாட்டிலும் சீட்டின் பின்புறத்திலும் கதவிலும் இருப்பது ரெக்சின். பார்த்துவிட்டீர்களா? சரி, பார்க்காத மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வாருங்கள்.

இந்தக் குழப்பம் மயிலாப்பூர்வாசிகளுக்கு ஒரு வரப்பிரசாதம். புது வண்டிக்குப் பூஜை போட கபாலி கோவில் பக்கம் கிளம்பும்போது பின்சீட்டில் ஏறுவதற்கு முன்னால் பாட்டி ஒரு கேள்வி கேட்பாள். “ஏன்டா, இது மாட்டுத் தோலா?” “ரெக்சின் பாட்டி” என்று சொல்லிவிடுங்கள். அன்று சாயங்காலமே ஆபீஸ் நண்பரிடம் “நாப்பா லெதர், பாஸ்” என்று சொல்லுங்கள். அனேகமாகப் பாட்டியிடம் சொன்ன பொய்தான் உண்மையாக இருக்கும்.

பாட்டியோடு தர்க்கத்தில் மட்டும் இறங்க வேண்டாம். உங்கள் கையில் நல்ல நல்ல பாயிண்ட் இருக்கும். பேரனின் பூணூலில் முடிந்தது மான்தோல். மார்கழியில் சபாவின் முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டி தொடை தட்டித் தாளம் போட்டாளே, அந்த மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கிறது. எல்லாம் இருக்கட்டும், வாயைத் திறக்காதீர்கள். மிருதங்கம் செய்கிறவர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020-இல் வெளிவந்தபோது, விழாவுக்குத் தருவதாகச் சொல்லியிருந்த அரங்கத்தைக் கலாக்ஷேத்ரா சில நாள் முன்னதாக இல்லையென்றுவிட்டது. வேறு இடத்தில்தான் வெளியிட்டார்கள். இந்த வட்டாரத்தில் தோலின்மேல் யாருக்கும் விரோதம் இல்லை. தோல் என்று உரக்கச் சொன்னால்தான் வம்பு. காருக்கும் அதே சம்பிரதாயத்தைக் கடைப்பிடியுங்கள்.

அடுத்தது சுத்தம் செய்வது. விடியற்காலையில் உங்கள் அப்பார்ட்மென்ட்டுக்கு வண்டி துடைக்க ஒருவர் வருவார். ஒரு வாளி, ஒரு துணி. ஏ பிளாக்கில் ஆரம்பித்து வரிசையாகத் துடைத்துக்கொண்டு உங்கள் வண்டிக்கு வந்து சேரும்போது வாளித் தண்ணீர் இரண்டாம் டிகாக்ஷன் நிறத்துக்கு வந்திருக்கும். கண்ணாடியும் பானெட்டும் துடைப்பதுதான் அவரோடு பேச்சு. “அப்படியே உள்ளயும் ஒரு இழு இழுத்துடுங்கண்ணே” என்று நீங்கள்தான் ஆசைப்படுகிறீர்கள். பெசன்ட் நகர் கடற்கரை மணல் சீட்டின் தையலில் உட்கார்ந்திருக்கும்போது ஈரத்துணியால் ஓர் இழு இழுத்தால், அந்த மணலே சீட்டை ராவிவிடும். முதலில் வேக்குவம் போட்டு மணலை எடுங்கள். பிறகு ஒரு கிண்ணம் தண்ணீரில் குழந்தை ஷாம்பு சில சொட்டு விட்டு, மெல்லிய துணியை நனைத்து, தண்ணீர் சொட்டாதபடி பிழிந்து, ஒரு கை அகலம் துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். அப்புறம் அடுத்த கை அகலம். இவ்வளவுதான் வேலை. இதற்குமேல் நான் சொல்லப்போவதெல்லாம் இந்த வேலையைச் செய்யாமல் இருப்பதற்கான வழிகள்.

துணி துவைக்கிற சோப்புத்தூள் ஆகாது. தோல் இயல்பில் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது, சோப்புத்தூள் காரம். இது தெரிந்தும் உங்கள் வீட்டில் யாராவது ஒருவர் போடத்தான் போகிறார். எப்போது என்றும் சொல்லிவிடுகிறேன். தி.நகரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்த மறுநாள்.

தாம்பூலப் பையில் மஞ்சள் பூசிய தேங்காய் இருக்கும். பையைப் பின்சீட்டில் போட்டுவிட்டு, பாண்டி பஜாரில் ஒரு புடவையையும் பார்த்துவிடலாம் என்று தணிகாசலம் ரோடு அடுக்கு பார்க்கிங்கில் வண்டியை விட்டுப் போவீர்கள். திரும்பி வருவதற்குள் தேங்காய் வியர்த்து, மஞ்சள் கரைந்து, பீஜ் நிற சீட்டில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் சின்ன மாமியார் சோப்புத்தூளைக் கரைத்துத் தேய்ப்பார். மஞ்சள் போகாது. சிவக்கும். மஞ்சளில் காரம் சேர்ந்தால் சிவக்கும் என்பது அவருக்கும் தெரியும். நேற்றுதான் மாப்பிள்ளை பெண்ணுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து ஆரத்தி கரைத்தார். தட்டில் தெரிந்த வேதியியல் சீட்டில் தெரியாமல் போனதுதான் சோகம். இப்போது உங்கள் காருக்கே ஆரத்தி எடுத்தாகிவிட்டது, திருஷ்டி கழிந்தது என்று தேற்றிக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய வேண்டும்? முதலில் வெறும் தண்ணீரில் துடைத்து சோப்பை எடுங்கள். சிவப்பு மறுபடி மஞ்சளாகும். பிறகு ஒன்றும் செய்யாதீர்கள். கறை பட்ட பக்கம் வெயில் விழுகிற மாதிரி வண்டியை நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் சூரிய ஒளிக்கு நிற்காது, நாளுக்கு நாள் வெளுத்துப் போகும். இதே காரணத்துக்காகத்தான் சாம்பார் கொட்டிய வேட்டியை அம்மா மொட்டை மாடியில் காயப்போட்டாள். ஆனால் அதே வெயில் தோலை உலர்த்தும், சுருக்கும், கடைசியில் வெடிக்கவும் வைக்கும். கறையா, வெடிப்பா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பஞ்சாயத்து வைத்தால் சின்ன மாமியாரையும் கூப்பிட வேண்டிவரும்.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. கறுப்பு சீட் எடுத்தால் அக்னி நட்சத்திரத்தில் உட்கார முடியாது. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அது நிழலில் வைத்த வெப்பமானியின் கணக்கு. கண்ணாடி ஏற்றிப் பூட்டிய காருக்குள் என்ன ஆகும் என்று கேட்கவே வேண்டாம். பீஜ் எடுத்தாலோ, ரங்கநாதன் தெருவில் வாங்கிய புது ஜீன்ஸின் நீலம் சீட்டுக்கு ஏறும். வியர்வை சேர்ந்தால் சீக்கிரமே ஏறும். அதைப் போக்க நகப்பூச்சு அழிக்கிற திரவத்தையும் கைக்குத் தடவுகிற சானிடைசரையும் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். நீலம் போகும். கூடவே சீட்டின் மேல்பூச்சும் போகும்.

அந்த மேல்பூச்சுதான் விஷயமே. கார் சீட்டில் உங்கள் தொடை தொடுவது தோலை அல்ல, தோலின்மேல் ஏற்றிய நிறத்தையும் அதற்குமேல் இருக்கிற பாலியூரித்தேன் படலத்தையும். அதனால்தான் காபி கொட்டினால் முத்து முத்தாக நிற்கிறது. அதனால்தான் வாட்ஸப் வைத்தியம் பலிப்பதில்லை. ‘தேங்காய் எண்ணெய் தடவுங்கள், லெதர் பளபளக்கும்’ என்று ஒரு செய்தி வருஷத்துக்கு ஒருமுறையாவது சுற்றி வரும். பளபளக்கும், வாஸ்தவம். எண்ணெய் உள்ளே இறங்காமல் மேலேயே நின்றால் பளபளக்காமல் என்ன செய்யும்? சாயங்காலத்துக்குள் மெட்ரோ வேலை நடக்கிற சாலைப் புழுதி முழுக்க அதில் ஒட்டிக்கொள்ளும். வெள்ளைச் சட்டையோடு உட்கார்ந்தவர் முதுகில் சீட்டின் தையல் முழுசும் அச்சாகும்.

இத்தனைக்கும் தோலைப் பற்றித் தெரிந்துகொள்ள இதைவிடத் தோதான ஊர் கிடையாது. அடையாறில், சர்தார் படேல் சாலையில், 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. காலை நெரிசலில் அதன் மதில் ஓரமாக ஊர்ந்து போகிற லெதர் சீட்காரர்கள் ஒரு கையால் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தேங்காய் எண்ணெய்ச் செய்தியை ஃபார்வர்டு செய்துகொண்டிருப்பார்கள். குரோமியம் உப்பில் தோலைப் பதனிட்ட கம்பெனியின் பெயரில் குரோம்பேட்டை என்று ஒரு ஊரே இருக்கிறது. அதற்கு முன்னால் ஆவாரம்பட்டை. ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் ஊறிய மதராஸ் தோல் 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி லண்டன் சந்தைக்குப் போயிற்று. ஆகவே பாட்டி “ஆவாரம்பூவை அரைச்சுப் பூசுடா, தோலுக்கு நல்லது” என்று யோசனை சொன்னால் சிரிக்காதீர்கள். அவள் செடியைச் சரியாகத்தான் சொல்கிறாள். பூவுக்குப் பதில் பட்டை, பதனிட்ட பிறகு என்பதற்குப் பதில் பதனிடும்போது. அவ்வளவுதான் வித்தியாசம்.

மழைக்காலத்துக்கு வருவோம். ஐப்பசி பிறந்ததும் ஈரக்குடையை யாரோ பின்சீட்டில் சாய்த்து வைப்பார்கள். பத்து நாள் வண்டியை எடுக்காவிட்டால் சீட்டில் சாம்பல் நிறத்தில் பூஞ்சை பூக்கும். வண்டியை வெளியே எடுத்துக் கதவையெல்லாம் திறந்துவைத்து, உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளேயே உட்கார்ந்து துடைத்தால் பூஞ்சை உங்கள் மூக்குக்குக் குடிபெயரும். தண்ணீர் கலந்த வினிகரை லேசாகத் தொட்டுத் துடைத்து ஆறவிடுங்கள். சீட் முழுகும் அளவுக்குத் தண்ணீர் ஏறினால் இந்த வைத்தியமெல்லாம் உதவாது. உள்ளேயிருக்கிற நுரைமெத்தை குடித்த தண்ணீரைச் சுலபத்தில் விடாது. சீட்டையே கழற்றி நிழலில் உலர்த்த வேண்டும். மிக்ஜாம் புயலுக்குப் பிறகு 2023 டிசம்பரில் இதைக் கற்றுக்கொண்ட வேளச்சேரிக்காரர்கள், 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்த உடனே வண்டிகளைக் கொண்டுபோய் மேம்பாலத்தின்மேல் வரிசையாக நிறுத்தினார்கள். லெதர் சீட்டைப் பாதுகாக்க இந்த நகரத்தில் கண்டுபிடிக்கப்பட்டவற்றில் இதுவரை பழுதில்லாத முறை இது ஒன்றுதான். பாலத்தில் இடம் குறைவு, முன்கூட்டியே துண்டு போட்டு வைக்கவும்.

துண்டு என்றதும் நினைவுக்கு வருகிறது. நிரந்தரப் பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் அண்ணா சாலையிலிருந்து பிரிகிற ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போக வேண்டும். கடைக்காரர் உங்கள் லெதர் சீட்டைத் தடவிப் பார்த்து, “நல்ல ஐட்டம் சார், கவர் போட்டுடுங்க” என்பார். கவர் எதில்? ரெக்சினில். அதிலும் தோல் மாதிரியே சுருக்கமும் துளையும் அச்சடித்த ரெக்சினில். வண்டியை ஓரம் கட்டியதும் ஒரு பையன் சீட்டுக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து படுத்துக்கொள்வான். வாயில் இரண்டு கொக்கி, கையில் குறடு. கவரின் வாரை இழுத்துக் கம்பியில் மாட்டி, முழங்கையால் மடிப்பில் ஒரு குத்து விடுவான். அந்தக் குத்தில் கவர் சீட்டோடு ஒட்டி உட்காரும். வேலை சுத்தம், குறை சொல்ல முடியாது. இடையில் நீங்கள் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: சீட்டின் பக்கவாட்டில் ஏர்பேக் இருக்கிறதே, இந்தக் கவர் அதை விரியவிடுமா? அந்த இடத்தில் எளிதில் பிரிகிற தையல் இருந்தால்தான் விரியும். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை, கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் கவர் வேண்டாம்.

வந்த பதில் திருப்தியா? அப்படியானால் கவருக்குமேல் டர்க்கி டவல். ஒரு காலத்தில் அதிகாரிகளின் அம்பாசடர் கார்களில் வெள்ளை டவல் விரித்திருப்பார்கள். டவலைப் பார்த்தே உள்ளே இருப்பவர் பெரிய மனிதர் என்று சாலை வழிவிடும். அந்த மரியாதை உங்களுக்கும் கொஞ்சம் கிடைக்கலாம். டவலுக்குமேல் முதுகுவலிக்கு மரமணி கோத்த விரிப்பு. காற்று ஊதுகிற சீட் என்று ஷோரூமில் கூடுதல் பணம் கொடுத்து வாங்கியிருந்தால், அந்தக் காற்று இப்போது துளை, கவர், டவல், மணி எல்லாவற்றையும் கடந்து உங்களை வந்தடைய ஆடி மாதம் ஆகும். பரவாயில்லை. அந்தத் துளைகளுக்குள் இட்லி மிளகாய்ப்பொடி போகாமல் இருக்கிறதல்லவா?

சில வருஷம் இப்படியே ஓட்டுங்கள். வண்டியை விற்கும் நேரம் வரும்போது எதையும் முன்கூட்டிக் கழற்றி வைக்காதீர்கள். வாங்க வருகிறவர் முன்னாலேயே மணி விரிப்பு, டவல், கவர் என்று ஒவ்வொன்றாக எடுங்கள். உள்ளே சீட் ஷோரூமில் பார்த்தபடியே இருக்கும். அவர் கண் விரியும். “சார், சீட்டுல யாருமே உட்காரலையா?” என்பார். விலை பேசி, அட்வான்ஸ் கைமாறியதும் கொஞ்சம் தயங்கி, அந்தக் கவரையும் சேர்த்துத்தானே தருகிறீர்கள் என்று கேட்பார். கவருக்குத் தனியாகக் காசு சொல்லுங்கள், பேரம் பேசாமல் தருவார்.