புதையல் அப்பா

ஞாயிற்றுக்கிழமைகளில் லண்டன் எப்பிங் காட்டுப் பக்கம் போகிறவர்கள் புதையல் அப்பாவைப் பார்க்காமல் திரும்ப முடியாது. கையில் போன், கணுக்கால் வரை சேறு, பின்னால் வேண்டாவெறுப்பாக ஒரு குடும்பம். ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். பிள்ளை வரம் கேட்டு அரச மரத்தைச் சுற்றுகிற ஆளோ என்று நினைத்தால், ஏற்கெனவே பெற்ற இரண்டும் பக்கத்தில் நின்று கொட்டாவி விடும்.

அவர் தேடுவது ஜியோகேச். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் ஒளித்துவைத்த டப்பா. அது இருக்கும் இடத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆப்பில் கிடைக்கும். தேடிப் பிடித்து, உள்ளே இருக்கிற சின்ன நோட்டில் பேரை எழுதிவிட்டு, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். புதையல் என்பது இவ்வளவுதான்.

இதன் சரித்திரம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். வீடு இருக்கும் ஈஸ்ட் ஹாமில் காரை எடுக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். 2000 மே மாதத் தொடக்கத்தில் அமெரிக்க அரசு, ஜிபிஎஸ் சிக்னலில் தானே வேண்டுமென்று கலந்துவைத்திருந்த பிழையை நீக்கியது. கையடக்கக் கருவிகள் திடீரென்று துல்லியமாக வேலை செய்தன. அதைச் சோதிக்க மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஒரேகன் மாநிலத்தில் ஒரு வாளியைப் பாதி புதைத்துவைத்து, இடத்தை இணையத்தில் அறிவித்தார். வாளிக்குள் இருந்தவற்றில் ஒரு டின் பீன்ஸும் அடக்கம். இன்றைய விதிப்படி பொதுவாக டப்பாவைப் புதைக்கவும் கூடாது, உள்ளே உணவு வைக்கவும் கூடாது. ஆக, விளையாட்டைக் கண்டுபிடித்தவரே இன்று வந்தால் அனுமதி கிடைக்காது. இந்த இடத்தில் அப்பா சிரிப்பார். பின்சீட்டில் இருவர் காதிலும் ஹெட்போன்.

எப்பிங் காடு சுமார் 2,400 ஹெக்டேர். மக்கள் உலாவிப் பொழுதுபோக்குவதற்கென்று 1878-ல் சட்டம் போட்டுக் காப்பாற்றிய காடு. பீச் மரமும் ஹார்ன்பீம் மரமும் கிளை பரப்பி வானத்தை மறைத்து நிற்கும்; அடியில் ஜிபிஎஸ் தடுமாறும். போன் "மூன்று மீட்டர்" என்னும். ஒரு எட்டு வைத்தால் "பதினொன்று" என்னும். அப்பா செயற்கைக்கோளைத் திட்டுவார்.

ஆப்பில் குறிப்பு ஒன்றும் உண்டு, ஆங்கில எழுத்துகளைப் பதின்மூன்று இடம் தள்ளிப் போட்ட சங்கேதத்தில். பொத்தானை அழுத்தினால் அவிழும். அழுத்த மாட்டார், மானப் பிரச்சினை. அரைமணி நேரம் கழித்து, "கொஞ்சம் ஒதுங்கிப்போட்டு வாறன்" என்று புதருக்குப் பின்னால் போய் அழுத்துவார். குறிப்பு சொல்லும்: 'மரத்தடியில்.'

இதற்குள் நாயோடு ஒரு பெரியவர் வருவார். விளையாட்டு தெரியாத இப்படிப்பட்டவர்களுக்கு இவர்கள் கூட்டத்தில் 'மகிள்' என்று பேர். அவர்கள் கண்ணில் டப்பா பட்டுவிடக் கூடாது. உடனே அப்பா அண்ணாந்து பறவை பார்ப்பார். மரத்தில் பறவை இருக்காது. பெரியவரும் அண்ணாந்து பார்ப்பார். நாய் மட்டும் டப்பா இருக்கிற திசையைப் பார்க்கும்.

"இஞ்சாருங்கோ, காணும். அந்தாள் பொலிசுக்கு அடிக்கப் போகுது. வாங்கோ, சாப்பிடுவம்" என்பார் மனைவி.

அந்த நேரம் பார்த்துத்தான் சின்னவள் கூப்பிடுவாள்: "அப்பா, இஞ்ச பாருங்கோ, தடியெல்லாம் அடுக்கிக் கிடக்கு." காட்டில் குச்சி விழும்; ஆனால் அருகருகே, ஒரே அளவில், வரிசையாக விழாது. அப்பா குனிந்து குச்சிகளை விலக்குவார். பச்சை நிறச் சாப்பாட்டு டப்பா. உள்ளே ஈரம் கோத்த நோட்டு, ஒரு கோலிக்குண்டு, துருப்பிடித்த சாவிக்கொத்து, வால் உடைந்த டைனோசர். ஒன்றை எடுத்தால் அதே மதிப்புக்கு இன்னொன்றை வைக்க வேண்டும் என்பது வழக்கம். சின்னவள் டைனோசரை எடுத்துக்கொண்டு அண்ணனின் தொப்பியை வைக்கப் பார்ப்பாள். சமாதானப் பேச்சு நடக்கும்.

கையெழுத்துப் போடப் போனால் பேனா இருக்காது. காம்பஸ், டார்ச், இரண்டு பவர் பேங்க், முதலுதவிப் பெட்டி எல்லாம் முதுகுப் பையில் இருக்கும். கடைசியில் மனைவியின் புருவப் பென்சிலால் தேதி போட்டு எழுதுவார். பிறகு ஆப்பில் பதிவு: "கொஞ்சம் சவாலாக இருந்தது, கண்டுபிடித்துவிட்டேன்." ஒருமையில்தான்.

கேட்டால், எல்லாம் பிள்ளைகளுக்காகத்தான் என்பார். யாரும் நம்புவதில்லை. ஆனால் மூலைக்கடைக்குப் போகவே கார் கேட்கிற பிள்ளைகள் அன்றைக்கு ஆறு கிலோமீட்டர் சேற்றில் நடந்திருப்பார்கள், ஹெட்போனை எப்போது கழற்றினோம் என்று தெரியாமலே. அதற்காக அவரை மன்னிக்கலாம். ஆகவே காட்டில் இப்படி ஒருவர் இல்லாத பறவையைப் பார்த்துக்கொண்டு நின்றால் பொலிசைக் கூப்பிடாதீர்கள். பேசாமல் ஒரு பேனாவை நீட்டுங்கள்.