கீறல் கணக்குப்பிள்ளை

அவரிடம் கிடார் இருக்கிறது என்பது அடுக்ககத்தில் எல்லோருக்கும் தெரியும். அவர் வாசித்துக் கேட்டவர்கள்தான் குறைவு. கேட்டதாகச் சொல்லும் இரண்டொருவரும், “ட்யூன் பண்ணிக்கிட்டு இருந்தார், அப்புறம் துடைச்சு உள்ளே வெச்சுட்டார்” என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

இந்த வகை மனிதர் எல்லா ஊரிலும் உண்டு. நான் சொல்வது சென்னைப் பதிப்பு. வயது நாற்பதுக்கு மேல். கல்லூரி விடுதியில் கல்கத்தாவில் செய்த கிடார் ஒன்றை வைத்திருந்தவர். அதன் மேல் கிரிக்கெட் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் யாரோ பேனாவால் மெஸ் பாக்கி எழுதியிருந்தார்கள். மழைக்காலத்தில் ஈரத் துண்டு அதன் கழுத்தில்தான் காயும். ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982இல் வந்ததிலிருந்து தமிழ்நாட்டில் கிடார் தூக்கிய எவரும் ‘இளைய நிலா’வை முயன்று பார்க்காமல் இருந்ததில்லை, இவரும் அந்த விடுதிக் கிடாரில்தான் விரல் தேய முயன்றார். அதில் எத்தனை கீறல் என்று அன்று யாராவது கேட்டிருந்தால், கேட்டவனுக்கு ஜுரமா என்று தொட்டுப் பார்த்திருப்பார்.

பிறகு வேலை, சம்பளம், வீட்டுக் கடன், அமெரிக்காவில் ஆன்சைட். திரும்பி வந்தபோது மார்ட்டின் டி-18 ஒன்று கூடவே வந்தது. பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊரில் செய்வது. 1833இல் தொடங்கிய கம்பெனி. ‘நாசரேத்’ என்று உச்சரிக்கும்போது அவர் குரலில் ஒரு பக்தி இறங்கும். ஆசாமி திருநீறு பூசுகிறவர்.

இந்தக் கிடாரின் முகப்புப் பலகை ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். நாதத்துக்குப் பேர்போனது, நகத்தை அழுத்தினால் பள்ளம் விழும். அதன் மேல் பூசியிருக்கும் மெருகு நைட்ரோசெல்லுலோஸ். பற்றிக்கொண்டால் அணைக்க முடியாது என்று பேர் வாங்கிய பழைய சினிமாச் சுருளுக்கு நெருங்கிய பங்காளி. மலிவுக் கிடார்களுக்கு அடிக்கும் பாலியெஸ்டர் தடிமனானது, முரடு, எதையும் தாங்கும். நைட்ரோவோ மெலிசு. வியர்வை ஆகாது. சில ஸ்டாண்டுகளில் இருக்கும் ரப்பரில் சாய்ந்து கிடந்தாலே இளகித் தழும்பாகிவிடும். கடுங்குளிரிலிருந்து சட்டென்று வெப்பத்துக்கு வந்தால் மேனியெல்லாம் மயிரிழை வெடிப்பு ஓடும்.

“இவ்வளவு காசு குடுத்து, இவ்வளவு சீக்கிரம் கெட்டுப்போறதை ஏன் வாங்கினீங்க?” என்று மனைவி கேட்டார்.

“மெலிசாப் பூசினாத்தான் மரம் மூச்சு விடும்.”

அந்தம்மாவுக்கு அப்போது மூச்சுவிட நேரமில்லாததால் விவாதம் அங்கேயே நின்றது.

வீட்டுக்கு வருகிற எவருக்கும் அவர் கிடாரைக் காட்டாமல் இருக்க மாட்டார். ஆனால் அதற்கு முன்பு ஒரு சடங்கு உண்டு. வந்தவர் வாட்சைக் கழற்ற வேண்டும். மோதிரம், சட்டைப் பையில் இருக்கும் பேனா, கழுத்தில் தொங்கும் ஆபீஸ் அடையாள அட்டை, கடைசியில் பெல்ட். விமான நிலையத்திலாவது இதற்கெல்லாம் ஒரு தட்டு தருவார்கள். இவர் சோபாவின் கடைக்கோடியைக் காட்டுவார். இத்தனையும் கழற்றிவிட்டு, நழுவும் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர் எப்படிக் கிடாரை வாங்குவார்? அதுதான் திட்டமே. “பரவாயில்லை சார், நீங்களே வெச்சுக்கிட்டுக் காட்டுங்க” என்று அவரே சொல்லிவிடுவார். வளையல் போட்ட பெண்களையும் முறுக்கு தின்னும் குழந்தைகளையும் வாசற்படி தாண்டி அந்த அறைக்குள் விடுவதில்லை.

இவ்வளவு காபந்து செய்தும் முதல் கீறல் விழுந்தது. ஒரு பொங்கலுக்கு வந்த மச்சினன், “அத்தான், சும்மா ஒரு தடவை” என்று எடுத்து மடியில் வைத்தான். அவனைப் பெல்ட் கழற்றச் சொல்ல மாமனார் முன்னிலையில் இவருக்கு நா எழவில்லை. முதுகுப் பலகையில் ஒரு கோடு. பாசிப்பருப்பு நீளம். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். நேராகப் பிடித்தால் தெரியாது. அன்றிலிருந்து அவர் எப்போதும் சாய்த்தே பிடித்தார்.

கிடார்க்காரர்கள் இதற்கு ‘பக்கிள் ராஷ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஏதோ தோல் வியாதிப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று நான் சொன்னதை அவர் ரசிக்கவில்லை. அந்த வாரமே எக்செல்லில் ஒரு தாள் திறந்தார். இடம், நீளம், தேதி, காரணம், சந்தேக நபர். கடைசிப் பத்தியில் அவர் பெயர் மட்டும் ஒருபோதும் வந்ததில்லை. சவுண்டு ஹோலுக்குக் கீழே பிக் உரசி விழுந்த மெல்லிய கோடுகள் சந்தேகமில்லாமல் அவர் கைவேலை. அவற்றுக்குக் காரணம் ‘பிக் கம்பெனி’ என்று போட்டிருந்தார்.

வைத்தியம் சொல்ல ஊரே திரண்டது. கார் பாலிஷ் போடச் சொன்னார் கீழ்வீட்டுக்காரர். டூத்பேஸ்ட் என்றார் வாட்ச்மேன். வால்நட் பருப்பை உடைத்துத் தேய்க்கலாம் என்று ஒரு பெரியம்மா. இவர் இணையத்தில் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினார். மரம் நசுங்கிப் பள்ளமானால் ஈரத் துணி வைத்துச் சூடு காட்ட, ஆவி ஏறி நார் உப்பிக்கொண்டு மேலே வரும். நார் அறுந்துபோயிருந்தால் வராது. மெருகு இருக்கும்போதே ஆவி காட்டினால் வெள்ளை பூத்துவிடும் அபாயம் வேறு. பூச்சு மட்டும் பெயர்ந்த இடத்தில் சூப்பர் குளூவைச் சொட்டு விட்டு, காய்ந்ததும் பிளேடால் சீவி மட்டமாக்குவார்கள். பிளேடின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டிக்கொண்டால் நடுவில் இருக்கும் மேடு மட்டும் சீவப்படும், சுற்றுப்புறம் தப்பும். அழகான யுக்தி. இதற்கு வேண்டிய பொருளெல்லாம் வாங்கி ஒரு பெட்டியில் அடுக்கினார். அந்தப் பெட்டியைக் கிடார் இருக்கும் அறையில் வைக்கவில்லை. உள்ளே பிளேடு இருக்கிறதே.

கடைசியில் ரிப்பேர்க்காரர் ஒருவரிடம் என்னையும் அழைத்துக்கொண்டு போனார். சந்துக்குள் ஒரு மாடி. சுவரெல்லாம் வயலின் வயிறும் வீணைக் குடமும். பெரியவர் கிடாரை வாங்கி ஒரு தடவை மீட்டினார். கழுத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தார்.

“நல்லாத்தானே இருக்கு. ஸ்ருதி நிக்கலையா?”

“நிக்குது.”

“கம்பி அடிக்குதா?”

“இல்லைங்க. பின்னாடி ஒரு கீறல்...”

பெரியவர் திருப்பினார். கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். “எங்கே?”

நம்மவர் மொபைல் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார். பெரியவர் நீண்ட நேரம் பார்த்துவிட்டு, வேண்டுமானால் மொத்தமாகச் சுரண்டிப் புதுசாகப் பாலிஷ் அடித்துத் தருவதாகச் சொன்னார். இவர் கிடாரைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிய வேகத்தில், எந்தப் படியிலாவது இடித்துக்கொள்வாரோ என்று எனக்கே பயம். தெருவுக்கு வந்ததும் விளக்கினார்: பழங்கிடார் சந்தையில் மறுமெருகு அடித்ததன் விலை பாதியாகச் சரிந்துவிடுமாம். கீறலோடு இருந்தால் ‘ஒரிஜினல்’. கீறலைப் போக்கினால் கறை.

வீட்டில் உண்மையான நெருக்கடி வருடத்துக்கு ஒருமுறை, சரஸ்வதி பூஜையன்று வரும். அம்மா புத்தகங்களை அடுக்கி, பேத்தியின் ஜியாமெட்ரி பாக்ஸ் வரைக்கும் சந்தனம் குங்குமம் இட்டுவிட்டு, கிடாரை நோக்கித் திரும்புவார். அம்மாவிடம் ஒரு தஞ்சாவூர் வீணை உண்டு. பலா மரம். மெட்டுகளைப் பதித்த மெழுகு எத்தனையோ முறை புதுப்பித்தாயிற்று. இடது கை உரசும் இடத்தில் மெருகு போய் மரம் வெளுத்திருக்கும். அதற்கெல்லாம் அம்மா கணக்கு வைத்துக்கொண்டதில்லை. வீணைக்குப் பொட்டு வைத்த விரலோடு வந்து நிற்பார்.

“வேண்டாம்மா. அது நைட்ரோ.”

“நைட்ரோவோ என்னவோ, வாத்தியம்தானேடா? ஸ்கூட்டருக்கு வெச்சேன், மிக்ஸிக்கு வெச்சேன். இதுக்கு வெக்கலைன்னா அவ என்ன நெனச்சுப்பா?”

‘அவ’ என்றால் கலைவாணி. சந்தனத்தின் ஈரம், குங்குமத்தின் சாயம், இரண்டும் நைட்ரோவில் ஊறினால் என்ன ஆகும் என்று இவர் ரசாயன வகுப்பு எடுத்தார். இறுதியில் கேஸின் மேல் பொட்டு வைப்பதென்று சமரசம். அம்மா “சரிப்பா” என்றார். அவர் இவ்வளவு சுலபமாகச் ‘சரி’ சொல்கிறவர் இல்லை என்பதை மகன் கவனித்திருக்கலாம். பூஜையில் வைத்த வாத்தியத்தை மறுநாள் விஜயதசமி வரை வாசிக்கக் கூடாது என்ற விதியை மட்டும் அந்த வீட்டில் சிரத்தையாகக் கடைப்பிடிப்பவர் மகன்தான்.

கீறல்கள் கூடக் கூட மனிதர் தத்துவத்துக்குள் போனார். இது இந்த வகையினருக்குத் தவறாமல் வரும் பருவம். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய கிடாரும் மார்ட்டின்தான் என்று தொடங்குவார். என்-20. விரலால் வாசிக்கச் செய்த நைலான் கம்பிக் கிடார், அதனால் பலகையைக் காக்கும் பிக்கார்டு கிடையாது. நெல்சன் பிக்கால் வாசித்தே தீருவேன் என்று வாசித்ததில் மரம் அரைபட்டு, சவுண்டு ஹோலுக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டையே விழுந்துவிட்டது. இன்றும் அதைத்தான் வாசிக்கிறார். அயர்லாந்தின் ரோரி கலகர் 1963இல் கார்க் நகரத்துக் கடையில் 100 பவுண்டுக்கு வாங்கிய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் பெயிண்ட் பெரும்பாலும் போய்விட்டது. அவர் வியர்வையே தின்றுவிட்டது என்பார்கள். 2024இல் ஏலத்தில் எட்டு லட்சம் பவுண்டுக்கு மேல் போய், அயர்லாந்தின் தேசிய அருங்காட்சியகத்துக்குச் சேர்ந்தது. ராக் பாடகர் கர்ட் கோபேன் 1993இல் எம்டிவியில் வாசித்த டி-18ஈ, 2020இல் 60 லட்சம் டாலர். “டி-18ஈ! நம்மளுது டி-18!” என்று நிறுத்தி, நம் முகத்தைப் பார்ப்பார். நடுவில் இருக்கும் ‘ஈ’யும் கோபேனும் மட்டும்தான் வித்தியாசம் என்பது தொனி.

அதைவிட அவரை உலுக்கிய செய்தி வேறு. ஃபெண்டர் 1995இலேயே, புதுக் கிடாரைத் தேய்த்து, சுரண்டி, பழசாக்கி ‘ரெலிக்’ என்று பெயர் சூட்டி விற்க ஆரம்பித்துவிட்டது. கிப்ஸன் 2021இல் மர்ஃபி லேப் என்று ஒன்று திறந்து, மிக லேசு, லேசு, கனம், மிகக் கனம் என்று படி வைத்தது. அடி பலமாகப் பட்டிருந்தால் விலையும் பலம். இதைச் சொன்ன அன்று அவர் குரல் கம்மியது. “காசு குடுத்துக் கீறச் சொல்றாங்க சார். என் மச்சான் சும்மா கீறிட்டுப் போனான்.” மச்சினனுக்கு அவர் நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. எக்செல் தாளில் ‘உத்தேச மதிப்பு’ என்று இன்னொரு பத்தி மட்டும் சேர்ந்தது.

போன வருடம், மகளின் கல்லூரிக் கட்டணத்தை முன்னிட்டு, கிடாரை விற்பதென்று முடிவானது. விளம்பரத்தில் போட்ட படங்கள் முப்பதுக்குக் குறையாது, அத்தனையும் கீறல்கள். கிடார் முழுதாகத் தெரியும் படம் ஒன்றுகூட இல்லை. யாரும் அழைக்கவில்லை. பிறகு ஒருவர் அழைத்தார். வந்தார். வாசலிலேயே, யாரும் சொல்லாமல், வாட்சைக் கழற்றிப் பையில் போட்டார். மோதிரத்தைக் கழற்றினார். அவர் பெல்ட்டே போடவில்லை. சொந்தமாக ஒரு குட்டி டார்ச் கொண்டுவந்திருந்தார்.

நம்மவர் கண்ணில் தெரிந்ததை எந்தப் பெண் பார்க்கும் படலத்திலும் நான் கண்டதில்லை.

இருவரும் தரையில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தார்கள். காபி வந்தது, இரண்டு பேரும் ஒரே குரலில் அதைத் தூரத்தில் வைக்கச் சொன்னார்கள். நம்மவர் எக்செல்லைப் படிக்க, வந்தவர் டார்ச்சைச் சாய்த்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். விளிம்புகள், முதுகு, கழுத்து. யாரும் ஒரு கார்டுகூட வாசிக்கவில்லை. எல்லாம் கணக்கில் சரியாக வந்தது. ஹெட்ஸ்டாக்கின் பின்புறம் வந்தபோது டார்ச் நின்றது.

“சார், இது லிஸ்ட்ல இல்லையே.”

சின்ன வட்டம். மெருகு மங்கி, லேசான மஞ்சள் பூத்து, நடுவில் சிவப்பின் சாயல். ஒரு வருடத்து வேலை இல்லை; ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு ஏறியிருந்தது. நம்மவர் முகத்தில் ரத்தம் இல்லை. இத்தனை வருடக் கணக்கில் ஒரு வட்டம் விட்டுப்போயிருக்கிறது.

“அம்மா!”

அம்மா அடுக்களையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து, குனிந்து, தன் கைவேலையைத் திருப்தியோடு பார்த்தார். “வருஷா வருஷம் வெக்கறதுதான். முன்னாடி வெச்சாத்தானே கத்துவே, அதான் பின்னாடி.”

வந்தவர் தொண்டையைக் கனைத்தார். “பூச்சு நல்லா ஊறியிருக்கு சார். இதுக்குன்னு விலையில ஏதாவது பார்த்துக் குறைச்சீங்கன்னா...”

“குறைக்கறதா?” என்றார் அம்மா. “பூஜையில வெச்ச வாத்தியம். டேய், கூட ஐந்நூறு ரூபா போட்டுக் கேளு.”