‘செட் ஆகல’: செய்பவன் தலைமறைவான ஒரு வினை பற்றிய ஆய்வு

1. முன்னுரை

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்னும் குட்டிச் சொல்லுக்குரியது. வினையாக மட்டும் அதற்குச் சுமார் 430 பொருள்கள். இத்தனை இருந்தும், “பொண்ணு வீடு செட் ஆகல” என்னும்போது வரும் பொருளை அகராதிக்காரர்கள் கோட்டைவிட்டுவிட்டனர். அக்குறையைத் தீர்ப்பதே இவ்வாய்வின் நோக்கம்.

2. இலக்கண நிலை

தொல்காப்பியர் வகுத்த நால்வகைச் சொல்லுள் இதைத் திசைச்சொல்லில் அடக்கலாம். வந்த திசை சற்றே தொலைவு, அவ்வளவுதான். வல்லின மெய்யில் சொல் முடிவது தமிழ் மரபன்று. ஆதலால் ஓர் உகரம் ஏற்றுச் ‘செட்டு’ என்றும் வழங்கும். ஆனால் அப்போது அது பெயராகிவிடுகிறது (“அவன் நம்ம செட்டு”). வினையாக வேண்டுமெனில் ‘பண்ணு’, ‘ஆகு’ இரண்டில் ஒன்றின் துணை தேவை. ஆங்கிலத்தில் ஒரே வடிவம் பார்த்த வேலையைத் தமிழர் இரண்டாகப் பிரித்தது ஏன்? தன்வினை, பிறவினை வேறுபாட்டுக்காக என்பர் இலக்கணிகள். கள ஆய்வு வேறு கதை சொல்கிறது.

3. தரவுகள்

அ) தையற்கடை: ரவிக்கை கச்சிதமாக அமைந்தால், “கழுத்து எப்படி செட் பண்ணியிருக்கேன், பாத்தீங்களாக்கா?” தோள்பட்டை வழுக்கி இறங்கினால், அதே தையற்காரர் கழுத்தில் தொங்கும் டேப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, “போட் நெக் உங்களுக்கு செட் ஆகலக்கா” என்கிறார். வெட்டியவர், தைத்தவர், காசு வாங்கியவர் எவரும் இவ்வாக்கியத்தில் இல்லை. ரவிக்கையும் தோளும் தமக்குள் பேசி எடுத்த முடிவு அது.

ஆ) தரகர்: கல்யாணப் பந்தியில், “இந்த வரனை செட் பண்ணதே நான்தான்.” பேச்சு முறிந்த வீட்டில், “ஜாதகம் செட் ஆகல சார்.” பழி ஒன்பது கிரகங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படுகிறது.

இ) அலுவலகம்: வேலையை விட்டவர், “அந்த கம்பெனி செட் ஆகல” என்கிறார். கம்பெனியோ, “அந்தப் பையன் செட் ஆகல” என்கிறது. இரு தரப்பும் ஒருமித்த கருத்துக்கு வந்தது அநேகமாக இந்த ஒரு விஷயத்தில்தான்.

4. விதிவிலக்கு

இவ்வினையை நேர்மையாகக் கையாள்பவர் கொத்தனார் ஒருவரே. சிமென்ட் தண்ணீருடன் வினைபுரிந்து தானாகவே இறுகும். ஆகவே, “கான்கிரீட் செட் ஆகட்டும்” என்பது பழுதற்ற தன்வினை. இதற்குக் காலக்கெடுவும் உண்டு. இந்தியத் தர விதிப்படி, சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன் இறுகத் தொடங்கக் கூடாது. 600 நிமிடத்துக்குள் இறுகி முடிய வேண்டும். விகாட் கருவியின் ஊசியைச் சிமென்ட் பசையில் இறக்கி இதை அளப்பர். சம்பந்தம் பேசும் வீட்டில் செருகிப் பார்க்க இப்படியோர் ஊசியை எவரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. “வீட்ல கலந்து பேசிட்டுச் சொல்றோம்” என்று எழுந்து போகிறவர்களுக்கு 600 நிமிடக் கெடு விதிக்கவும் வழியில்லை.

5. முடிவு

வினை காட்டும் ஆறினுள் செய்பவனை முதலில் வைக்கிறது நன்னூல். ‘செட் பண்ணு’ இதற்கு முழுமையாகக் கட்டுப்படுகிறது. செய்பவன் மார்தட்டிக்கொண்டு முன்வரிசையில் நிற்கிறான். ‘செட் ஆகல’ என்றதும் ஆளைக் காணோம். செயப்படுபொருளைப் பிடித்து எழுவாய் நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுக் கொல்லைப்புறமாக நழுவிவிடுகிறான். எனவே ‘பண்ணு’ வெற்றிக்கு, ‘ஆகு’ தோல்விக்கு என்பதே தமிழர் கண்ட உண்மையான பாகுபாடு. பின்னதற்குக் ‘கைகழுவு வினை’ என்று பெயர் சூட்டலாம்.

இம்முடிவை ஏற்க மறுக்கும் அறிஞர்களுக்கு இக்கட்டுரை செட் ஆகவில்லை என்று கொள்க. கட்டுரையாளர் இதற்குப் பொறுப்பல்லர்.